மாத்திரையை மாற்றினால் தலைவலி மாறுமா?

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பார்கள். காய்ச்சலாவது பரவாயில்லை, தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் அது உண்மையைச் சொல்லிவிடும். தலைவலிக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. "எனக்குத் தலை வலிக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் முதல் நாள் நம்புவார்கள். மூன்றாம் நாள் பொறுத்துக் கொள்வார்கள். முப்பதாம் நாள், "இவளுக்கு எப்போதும் இதே பாட்டுத்தான்" என்று எழுந்து போய்விடுவார்கள்.

அந்த முப்பதாம் நாள் தலைவலியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். அதற்காக நாம் மாற்றி மாற்றி விழுங்கும் மாத்திரைகளைப் பற்றியும்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாக, சூலக்கரைக்குப் போயிருந்தேன். விருதுநகரிலிருந்து சாத்தூருக்குப் போகும் பாதையில் இருக்கிறது அந்த ஊர். என் தங்கை மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வயது 32. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. சிவகாசிக்குப் பக்கத்து ஊர் என்றால் கேட்க வேண்டுமா? தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பட்டாசைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

நான் போய்ச் சேர்ந்தது உச்சி வேளை. "வாங்க மதினி" என்று சம்பந்தி அம்மாள் வரவேற்றார். மகளைக் காணோம். அறைக் கதவு சாத்தியிருந்தது. குழந்தை மட்டும் பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, என் காதில், "அம்மாவுக்குத் தலைவலி, பாட்டி. சத்தம் போடக் கூடாது" என்றாள். அவள் கையில் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி இருந்தது. "மத்தாப்பு சத்தமே போடாதில்லே, பாட்டி? அதையாவது இந்த வருஷம் கொளுத்தலாமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தொண்டையை அடைத்துக் கொண்டது. வெடிச் சத்தத்துக்கே பேர் போன சீமையில் பிறந்த குழந்தை, தன் வீட்டில் மத்தாப்புக் கொளுத்த அனுமதி கேட்கிறது!

கதவைத் திறந்து உள்ளே போனேன். ஜன்னலைப் போர்வையால் மூடி, தலையில் ஈரத் துண்டைக் கட்டிக் கொண்டு என் மகள் சுருண்டு படுத்திருந்தாள். இடது நெற்றிப் பொட்டிலிருந்து பிடரி வரையில் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி வலி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாசனை ஆகாது. அன்று இரவு மாப்பிள்ளை எனக்காக ஆசையாக விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்த வாசனைக்கே இவள் ஓடிப் போய் வாந்தி எடுத்தாள்.

"எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டேன்.

"நாளா பெரியம்மா? ரெண்டு வருஷமாகுது. மாசத்திலே நல்லா இருக்கிற நாளைத்தான் எண்ணணும்."

"டாக்டரிடம் காட்டவில்லையா?"

பதில் சொல்லாமல் அலமாரியைக் காட்டினாள். ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால், உள்ளே மாத்திரை அட்டைகள்! பாதி அட்டை, கால் அட்டை, இரண்டே இரண்டு மாத்திரை பிய்த்த அட்டை. எண்ணிப் பார்த்தேன். ஐந்து தினுசு. இவை தவிர, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை வேறு.

"அஞ்சு மருந்து பார்த்தாச்சு, பெரியம்மா. அஞ்சும் தோத்துப் போச்சு. இனி எனக்கு மருந்தே கிடையாது. விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

அவள் சொன்ன தொனியைக் கேட்டு எனக்குப் பயமாகிவிட்டது. தீபாவளி முடிந்த மறு வாரமே அழைத்துக் கொண்டு மதுரைக்குப் புறப்பட்டேன். விருதுநகரிலேயே 2022-ம் வருஷம் அரசாங்க மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது என்றாலும், எனக்குப் பழக்கமான நரம்பு டாக்டரம்மாள் மதுரையில் இருந்தார். பிஸ்கட் டப்பாவையும் மறக்காமல் எடுத்துக் கொண்டேன்.

டாக்டரம்மாள் டப்பாவைத் திறந்து, அட்டைகளை மேஜைமேல் சீட்டாடுகிற மாதிரி வரிசையாகப் பரப்பினார். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டு, "இதை எத்தனை நாள் சாப்பிட்டாய்? ஏன் நிறுத்தினாய்?" என்று விசாரித்தார்.

முதலாவது, புரொப்ரனலால். பத்து நாள் சாப்பிட்டாள். வலி நிற்கவில்லை, வேறு டாக்டரிடம் போய்விட்டாள். இரண்டாவது, அமிட்ரிப்டிலின். மூன்று வாரம். காலையில் எழுந்திருக்க முடியாமல் தூக்கம்; வாய் வறட்சி. நிறுத்திவிட்டாள். மூன்றாவது, ஃப்ளூனரிசின். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். வலி அவ்வளவாகக் குறையவில்லை, உடம்பு பருத்தது. நான்காவது, டோபிரமேட். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. எட்டாம் நாள் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"ஆக, நாலில் ஒன்றுதான் பரீட்சை எழுதியிருக்கிறது. மற்ற மூன்றையும் நீ பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடவில்லை. எப்படியம்மா தோற்றுப் போயின என்கிறாய்?" என்று டாக்டரம்மாள் சிரித்தார்.

பிறகு அவர் விளக்கிய விஷயம், நம் சகோதரிகள் எல்லாரும் தெரிந்து கொள்ள வேண்டியது.

தலைவலிக்கு இரண்டு ஜாதி மருந்து உண்டு. வலி வந்தபின் அதை அடக்குவது ஒன்று; வலி வராமல் தடுப்பது மற்றொன்று. "உங்கள் பக்கத்துத் தீக்குச்சியையே வைத்துக் கொள்ளேன்" என்றார் அவர். "ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளை நன்றாகக் காய்ந்த தீக்குச்சி. கொஞ்சம் உரசினால் போதும், பற்றிக் கொள்ளும். பட்டினி கிடந்தால் ஓர் உரசல், தூக்கம் கெட்டால் ஓர் உரசல், வெயில், மாதவிலக்கு, மனக் கவலை எல்லாமே உரசல்தான். வலி மாத்திரை என்பது பற்றிய நெருப்பை அணைக்கிற தண்ணீர். தடுப்பு மருந்தோ குச்சியைக் கொஞ்சம் நமுத்துப் போகச் செய்கிறது. நமுப்பது மெல்ல மெல்லத்தான் நடக்கும். பத்து நாளில் நடக்காது."

ஆகையால் ஒரு தடுப்பு மாத்திரையைச் சிறிய அளவில் ஆரம்பித்து, படிப்படியாக உயர்த்தி, தேவையான அளவுக்கு வந்தபின் இரண்டு மாதமாவது பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். "அதற்குள் மாற்றினால், மருந்தை மாற்றினதாக ஆகாது, பொறுமையை இழந்ததாகத்தான் ஆகும்" என்றார்.

"சரி, இவளுக்கு எது பிடிக்கும் என்று முதலிலேயே கண்டுபிடித்துக் கொடுத்துவிடக் கூடாதா?" என்று நான் கேட்டேன்.

"அது முடிந்தால் நான் ஏன் இந்தச் சீட்டுக் கட்டைப் பரப்புகிறேன்?" என்றார். இந்த மருந்துகள் பெரும்பாலும் இரவல் மருந்துகள் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. புரொப்ரனலால் இருதய நோய்க்காகச் செய்யப்பட்டது. மார்பு வலிக்காக அதைச் சாப்பிட்ட ஒருவருக்குத் தலைவலியும் குறைந்து போனதைக் கண்டு, 1966-ம் வருஷம் டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். அமிட்ரிப்டிலின் மனச் சோர்வுக்கு வந்த மருந்து. டோபிரமேட் காக்காய் வலிப்புக்கு வந்தது. நெற்றிச் சுருக்கத்தைப் போக்குவதற்காகப் போடும் பொட்டுலினம் ஊசியைக்கூட, போட்டுக் கொண்டவர்களே வந்து "தலைவலியும் குறைந்தது" என்று சொன்ன பிறகுதான் தலைவலிக்காகப் பரீட்சித்தார்கள். இரவல் நகை எல்லாருக்கும் அளவாக இருக்காது அல்லவா? போட்டுப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். ஆகவே மருந்தை மாற்றுவது டாக்டரின் தோல்வியும் அல்ல, நோயாளியின் துரதிர்ஷ்டமும் அல்ல. முறையாக மாற்ற வேண்டும்; அவ்வளவுதான்.

இதற்குள் டாக்டரம்மாள் ஐந்தாவது அட்டையைக் கையில் எடுத்திருந்தார். அவருடைய சிரிப்பு மறைந்துவிட்டது.

"இது யார் எழுதிக் கொடுத்தது?"

மகள் தலையைக் குனிந்து கொண்டாள். "எதிர் வீட்டு அக்கா கொடுத்தாங்க. அவுகளும் தலை நோவுக்குத்தான் சாப்பிடுறாகன்னு நினைச்சேன். ரெண்டு வாரமா ராத்திரி மாத்திரையோட இதையும் சேர்த்துப் போட்டுக்கிறேன்."

எதிர் வீட்டு அக்காவுக்கு வலிப்பு நோயாம். அந்த மாத்திரை வால்புரோயேட்.

"இன்னொரு குழந்தை வேண்டும் என்கிற எண்ணம் உண்டா?"

"உண்டு."

"இந்த மாதம் குளித்தாயா?"

அவள் பேசவில்லை. ஆறு நாள் தள்ளிப் போயிருந்தது.

அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வால்புரோயேட் வலிப்பு நோய்க்கு நல்ல மருந்து. ஒற்றைத் தலைவலியையும் தடுக்கும். ஆனால் கர்ப்பிணி சாப்பிட்டால், பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு அங்கக் குறை ஏற்படலாம். பத்தில் மூன்று நாலு குழந்தைகளுக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். தலைவலிக்காகக் கருத்தரிக்கும் பெண்கள் இதைத் தொடவே கூடாது என்று டாக்டர்கள் விதித்திருக்கிறார்கள். நாம் என்னவோ கடன் வாங்கிய காப்பிப் பொடி மாதிரி அண்டை வீட்டு மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக் கொள்கிறோம்!

சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம், அவள் என் கையை விடவே இல்லை. "பெரியம்மா, நானே என் பிள்ளைக்கு விஷம் வைச்சுட்டேனா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். எனக்கு அவளை அதட்டத் தோன்றவில்லை. வலி தாங்காமல் கிணற்றில் விழுந்தவளைப் பார்த்து, ஏன் கிணற்றைப் பார்க்கவில்லை என்று கேட்பதா?

நல்ல வேளையாகக் கர்ப்பம் இல்லை. இருந்தாலும் டாக்டரம்மாள் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை சோதித்து நிச்சயப்படுத்திக் கொண்டார். அந்த அட்டை அப்போதே குப்பைக்குப் போயிற்று. ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொன்னார்: வலிப்புக்காக இதைச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்து திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. தங்கள் டாக்டரிடம் போய்ப் பேச வேண்டும்.

டோபிரமேட்டும் கர்ப்பத்துக்கு ஆகாததுதான். தவிர, அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு வியர்வை குறையலாம், சிறுநீரகத்தில் கல் சேரலாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டபோது, விருதுநகர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலை நினைத்துக் கொண்டேன். மருந்து என்றால் ஆளை மட்டும் பார்த்தால் போதாது, ஊரையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

மகளின் வியாதிக்கும் ஒரு பெயர் உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அவற்றில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் அடையாளங்களோடு, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அது நாட்பட்ட ஒற்றைத் தலைவலி. "எனக்கு மட்டும் ஏன்?" என்று அவள் கேட்டதற்கு, டாக்டரம்மாள் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்து, 2015-ம் வருஷம் வெளியிட்ட கணக்கைச் சொன்னார். வயது வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்ததாம். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கே அதிகம். மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 3 பேர். நூறு பேர் கூடும் கல்யாண வீட்டில் மூன்று பேர் சிரித்துக் கொண்டே வலியை விழுங்குகிறார்கள் என்று அர்த்தம்.

இந்த நிலைமைக்கு ஆளை இழுத்து வருவதில் வலி மாத்திரைக்கும் பங்கு உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், பல சரக்குச் சேர்த்த கூட்டு மாத்திரையை 10 நாளும் தாண்டி, மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடுமாம். இவள் மாதத்தில் இருபது நாள் கூட்டு மாத்திரை விழுங்கிக் கொண்டிருந்தாள். "ஒரு பக்கம் குச்சியை நனைக்கிறோம், மறுபக்கம் வெயிலில் காய வைக்கிறாய். எந்தத் தடுப்பு மருந்துதான் வேலை செய்யும்?" என்றார் டாக்டரம்மாள். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை கூடாது என்று கட்டளை ஆயிற்று.

பிறகு கணக்குப் புத்தகம். இதற்கு மட்டும் சிவகாசிக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே அச்சடித்த டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. தினம் இரவு மூன்றே விஷயம் எழுத வேண்டும்: வலி இருந்ததா, எவ்வளவு கடுமை, என்ன மாத்திரை போட்டேன்.

அமிட்ரிப்டிலினைத்தான் மறுபடி கொடுத்தார். "அதுதான் தூக்கமாக வருகிறதே!" என்றாள் மகள். "அன்று உனக்கு 25 மில்லிகிராம், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு. இப்போது 10 மில்லிகிராம், சாயங்காலம் ஏழு மணிக்கு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். உனக்குத்தான் இரவில் தூக்கமே இல்லையே, இந்த மருந்தின் தொல்லையே உனக்கு உபகாரமாக இருக்கட்டும்" என்றார். சிகிச்சை ஒரு நிலைக்கு வரும் வரையில் குழந்தையைத் தள்ளிப் போட வேண்டும், அதற்கான ஏற்பாட்டோடு இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

முதல் பத்து நாள் நரகம். வலி மாத்திரையை நிறுத்தியதும் தலைவலி முன்னைவிட ஜாஸ்தியாயிற்று. இது எதிர்பார்த்ததுதான் என்று டாக்டரம்மாள் முன்னமே எச்சரித்திருந்தார். அந்தப் பத்து நாளும் அடுப்படியைத் தம் கையில் எடுத்துக் கொண்டவர் சம்பந்தி அம்மாள். இரண்டு வருஷமாக, "எங்க காலத்திலே இதெல்லாம் ஏது?" என்று முணுமுணுத்தவர், டைரியைப் பார்த்துத்தான் மாறினார் என்று எனக்குத் தோன்றுகிறது. தெர்மாமீட்டர் இல்லாத வியாதிக்கு அந்த டைரி சாட்சியாக வந்து சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, தை பிறந்ததும், டைரியோடு போனோம். மாதத்துக்கு 22 நாளாக இருந்த வலி 15 நாளாகியிருந்தது. மகளுக்கு ஏமாற்றம். டாக்டரம்மாளுக்கோ சந்தோஷம். "நாட்பட்ட தலைவலியில் மூன்றில் ஒரு பங்கு குறைவதே ஒரு படிதான். பாதி குறைந்தால் வெற்றி. அடியோடு ஒழிய வேண்டும் என்று எதிர்பார்த்தால் உலகத்தில் எந்த மருந்தும் தேறாது" என்றார்.

"அப்படியானால் இதை விட்டுவிட்டு வேறு மாற்றலாமா?" என்றேன் நான்.

"ஒன்றுமே செய்யாத மருந்தானால் மாற்றலாம். சாப்பிட முடியாத தொல்லை கொடுத்தாலும் மாற்றலாம். பாதி வேலை செய்கிற மருந்தை ஏன் துரத்த வேண்டும்? கூட ஓர் ஆளைச் சேர்த்துப் பார்க்கலாம்" என்றார். ஆனால் இரண்டு மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கு குணம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் உடனே சொன்னார். அமெரிக்காவில் டோபிரமேட் சாப்பிட்டும் போதிய குணம் காணாத 191 பேரை எடுத்துக் கொண்டு, பாதிப் பேருக்குப் புரொப்ரனலாலும், மற்றவர்களுக்கு வெறும் மாவு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்களாம். வித்தியாசம் ஒன்றும் தெரியாததால் பரீட்சையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2012-ம் வருஷம் அதன் முடிவு வெளியாயிற்று. புளி கரைத்த குழம்பில் எலுமிச்சம் பழத்தையும் பிழிந்தால் ருசி இரட்டிக்குமா என்ன?

"பிறகு ஏன் சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அந்தப் பரீட்சை ஒரு ஜோடியைப் பற்றித்தான். மற்ற ஜோடிகளுக்கு உறுதியான சாட்சி குறைவு. டாக்டர்களுடைய அநுபவம்தான் வழிகாட்டி. அதனால்தான் சில நியமங்கள் வைத்திருக்கிறோம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். வெவ்வேறு வழியில் வேலை செய்கிற மருந்துகளாகப் பார்ப்பது. கூடவே இருக்கிற வேறு வியாதியையும் பார்ப்பது. இரண்டு மாதத்தில் பிரயோசனம் தெரியாவிட்டால், சேர்த்ததை எடுத்துவிடுவது" என்றார்.

மகளுக்கு ரத்த அழுத்தம் சற்று மேலே இருந்தது. நாடி வேகமாக ஓடிற்று. இரைப்பு, ஆஸ்துமா உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். இல்லை என்று நிச்சயமானபின் அவர் எழுதிய மருந்தைப் பார்த்து மகள் திகைத்துப் போனாள். புரொப்ரனலால்! முதன் முதலில் பத்து நாளில் "தோற்றுப்போன" அதே மாத்திரை!

"இதையும் நினைத்தபோது நிறுத்திவிடாதே. திடீரென்று விட்டால் இருதயம் படபடக்கும். ஏற்றியது போலவே படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்" என்று எச்சரித்தார்.

இதுவும் போதாவிட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்வியையும் கேட்டு வைத்தேன். பொட்டுலினம் ஊசி இருக்கிறது. நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில், 12 வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். அமெரிக்காவில் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010-ம் வருஷம் அனுமதி கொடுத்தார்கள். ஒரு தடவையோடு தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று புதுசு. அதன் கதையில் நம் பட்டாசுச் சீமைக்குத் தூரத்து உறவு உண்டு. "வெடி மருந்துதான் எனக்குத் தலைவலி தருகிறதோ?" என்று மகள் கேட்டதிலிருந்து பேச்சு அங்கே போயிற்று. சிவகாசியில் உபயோகிக்கும் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் எல்லாம் மூலகாரணம் அல்ல. புகையும் வாசனையும் பளீரென்ற வெளிச்சமும் வெறும் உரசல்தான். ஆனால் நோபல் 1867-ம் வருஷம் உரிமை பெற்ற டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரின் வேறு ரகம். அந்தத் தொழிற்சாலைகளில் ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்கு மண்டையைப் பிளக்குமாம். அதே பொருளைத் தலைவலிக்காரர்களுக்குச் சிறிதளவு கொடுத்து, வலி எப்படிப் பிறக்கிறது என்று டென்மார்க்கில் ஆராய்ந்தார்கள். இப்படிப் பல நாட்டார் பல வழியாகத் தேடிப் போனதில், முகத்து நரம்பிலிருந்து கசியும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருளே முக்கியமான குற்றவாளி என்று தெரிந்தது. எட்வின்சன், கோட்ஸ்பி, மோஸ்கோவிட்ஸ், ஓலெசன் என்ற நால்வருக்கு இதற்காக 2021-ம் வருஷம் மூளை ஆராய்ச்சிப் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளைத் தடுப்பதற்கென்றே செய்த ஊசி மருந்துகளில் முதலாவதான எரனுமாப், அமெரிக்காவில் 2018-ம் வருஷம் கடைக்கு வந்தது. மாதம் ஓர் ஊசி. இது இரவல் நகை அல்ல, அளவெடுத்துச் செய்தது.

"பொட்டுலினத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் நல்ல பலன் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். கறாரான பரீட்சைகள் இன்னும் போதாது. விலையும் அதிகம். கர்ப்ப காலத்துக்கு இது சரிப்படுமா என்பதற்குப் போதிய அநுபவம் கிடையாது. கடைசிக் கதவு என்று நினைத்துக் கொள், முதல் கதவே திறக்கிறபோது அவசரப்பட வேண்டாம்" என்றார் டாக்டரம்மாள்.

டைரியிலிருந்து இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தலைவலி! காரணம், அன்றுதான் தலைக்கு ஊற்றிக் கொள்வாள். ஈரத் தலையோடே சமையல், பூஜை. இது இவளுடைய கற்பனை இல்லை. தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி, பம்பாய் டாக்டர் ரவிசங்கர் 2006-ம் வருஷமே மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறாராம். நம் ஊர்ப் பெண்களின் நீண்ட கூந்தல் மேல்நாட்டுப் புத்தகத்தில் ஏறிவிட்டது! இப்போது அவசரமில்லாத நாளாகப் பார்த்து, வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் குளித்து, உடனே உலர்த்திக் கொள்கிறாள். சம்பந்தி அம்மாளும், "சாமி என்ன கிழமையா பார்க்குது?" என்று சொல்லிவிட்டார்.

பங்குனி பிறந்தது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேளச் சத்தம், விளக்கு, ஜனக் கூட்டம், பொங்கல் புகை. போன வருஷம் இவள் வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. இந்த வருஷம் குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு அக்கினிச் சட்டி பார்க்கப் புறப்பட்டாள். கைப்பையில் ஒரு குளிர்க் கண்ணாடி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், டாக்டர் அனுமதித்த ஒரே ஒரு வலி மாத்திரை. அந்த மாத்திரைக்கு அன்று வேலை வரவில்லை.

டைரியைப் புரட்டிப் பார்த்தேன். மாதத்தில் 9 நாள் வலி. ஒன்பது நாளும் வலிதான், அது பொய்யில்லை. ஆனால் மீதி 21 நாள் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இன்னொரு குழந்தைக்கு ஆசைப்பட்டால் முதலில் வந்து சொல்ல வேண்டும், எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று அப்போது தீர்மானிக்கலாம், கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு இந்தத் தலைவலி தானே குறைவதும் உண்டு என்று டாக்டரம்மாள் தைரியம் சொல்லியிருக்கிறார்.

சகோதரிகளே, "தலைவலி போய்த் திருகுவலி வந்தது" என்கிற பழமொழி மருந்தை மாற்றுகிறவர்களுக்காக ஏற்பட்டதல்ல. கணக்கில்லாமல் மாற்றுகிறவர்களுக்காக ஏற்பட்டது. உங்கள் வீட்டுப் பிஸ்கட் டப்பாவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒவ்வோர் அட்டையும் எத்தனை நாள், என்ன அளவு, ஏன் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை ஒரே டாக்டரிடம் எடுத்துக் கொண்டு போங்கள். கல்யாணமான பெண்ணானால் குழந்தை விஷயத்தை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இதுவரை இல்லாத தலைவலி இடி விழுந்த மாதிரி திடீரென்று வந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், கை கால் அல்லது பேச்சு தடுமாறினாலும், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தாலும் டைரி எழுதிக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அண்டை வீட்டிலிருந்து மாவு வாங்கலாம், மோர் வாங்கலாம், கறிவேப்பிலை வாங்கலாம். மாத்திரை மட்டும் வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். பங்குனிப் பொங்கல் அன்று ராத்திரி, தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த அந்த மத்தாப்புப் பெட்டியைக் குழந்தை எடுத்து வந்தாள். நமுத்துப் போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவள் அம்மாவே பற்ற வைத்தாள். நன்றாகவே எரிந்தது.